டிக்கெட் கன்ஃபர்ம், ஆனால் சீட் இல்லை என்கிறார்களா? தாளில் கையெழுத்துப் போடும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் மும்பைக்குக் கிளம்பினான், அங்கே போய் கப்பல் ஏற வேண்டும். மெட்ரோ பிடித்து இரண்டு மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட் கவுன்ட்டரில் நின்றவனை "ஃபிளைட் ஃபுல், ஓரமா நில்லுங்க" என்று சொல்லி, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள்தான் அனுப்பினார்கள். அந்தத் தாளை அவன் அம்மா என்னிடம் காட்டினார். சொந்த விருப்பத்தின் பேரில் பயணத்தைத் தள்ளிவைப்பதாக ஆங்கிலத்தில் இருந்தது. அந்த ஒரு வரியால் அவனுக்குச் சேர வேண்டிய பணம் போய்விட்டது.

இருக்கிற சீட்டை விட அதிகமாக டிக்கெட் விற்பதுதான் ஓவர்புக்கிங். டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வர மாட்டார்கள், காலியாகப் பறந்த சீட்டை அப்புறம் விற்கவும் முடியாது. அதனால் கம்பெனிகள் கணக்குப் போட்டு கூடுதலாக விற்கின்றன. கணக்கு தப்பி எல்லோரும் வந்துவிட்டால் யாரோ ஒருவர் இறங்க வேண்டும். சீட்டு நிறைந்தால் கட்டணம் குறையும் என்ற வாதத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் மட்டும் கேள்வி கேட்கத் தெரியாதவருக்கு என்பது அநியாயம்.

விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி என்ன சொல்கிறது? முதலில், ஏதாவது சலுகை கொடுத்து, தானாக விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று கேட்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால்தான் ஒருவரை மறுக்கலாம். கன்ஃபர்ம் டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவரை அப்படி மறுத்தால், முதல் ஃபிளைட்டின் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு ஃபிளைட் கொடுத்தால் இழப்பீடு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதில் 200 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதமானால் 400 சதவீதம், அதிகபட்சம் 20,000. மாற்று ஃபிளைட்டே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுசாகத் திரும்ப வரும், அதோடு 20,000 வரம்புக்குள் அந்த 400 சதவீதமும் உண்டு. பையனின் கட்டணம் இரண்டும் சேர்த்து 3,000, மறுநாள் ஃபிளைட் 24 மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொண்டால், அந்த மாற்று ஃபிளைட்டோடு 6,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும். பணமாகவே கேளுங்கள், நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர் கொடுக்கலாம்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கிற விதி இல்லை. பயணிகளை ஏற்ற மறுத்து இழப்பீட்டு விதியை மீறியதற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டிஜிசிஏ 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

கவுன்ட்டரில் முதலில் செய்ய வேண்டியது: ஏற்ற மறுத்ததை எழுத்தில் கேளுங்கள். "நீங்க லேட்" என்று பிறகு சொல்லிவிடாமல் இருக்க, வரிசையில் நிற்கும்போதே நேரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம், படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இழப்பீடு தரவில்லையா? விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா செயலியில் புகார் போடுங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதிலும் நடக்கவில்லை என்றால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, நம் பக்கம் என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது.