இரட்டையாகத் தெரிவதெல்லாம் டபுள் டை அல்ல

பழைய அமெரிக்க வெள்ளி டாலர்களைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். 1878 முதல் 1904 வரையிலும் பிறகு 1921-லும் அடிக்கப்பட்ட மார்கன் டாலர்கள்தான் அதிகம் வரும். முன்பெல்லாம் நாணயத்தைக் கொடுத்துவிட்டு 'என்னன்னு பாருங்க' என்பார்கள். இப்போது தீர்ப்போடு வருகிறார்கள்: 'அண்ணா, இது டபுள் டை. விலை மட்டும் சொல்லுங்க.'

போன வாரம் வந்தது டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஒரு 1921 டாலர். மார்கன் வரிசையிலேயே எளிதாகக் கிடைக்கிற ஆண்டு அது. அந்தத் தம்பி அதைப் பல மடங்கு விலை கொடுத்து இணையத்தில் வாங்கியிருந்தார். விற்றவர் எழுத்துகளை மட்டும் பெரிதாக்கிப் படம் போட்டு, 'அரிய டபுள் டை' என்று எழுதியிருந்தார். லூப், அதாவது கைப் பெருக்காடி, வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். 'ரெண்டா தெரியுதே அண்ணா?' என்றார். தெரிகிறது, உண்மைதான். ஆனால் அந்த இரட்டிப்பு நாணயம் அடிக்கும் அச்சில், அதாவது டையில், இல்லை. இதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் ஓர் அச்சு உருவாகும் விதத்தைப் பாருங்கள். புடைத்த உருவம் கொண்ட எஃகு மூலத்தை, அதாவது ஹப்பை, அச்சின் மேல் வைத்து அழுத்துவார்கள். ஒரே அழுத்தில் முழு ஆழம் கிடைக்காது. அச்சைச் சூடேற்றி இளக்கி, மறுபடி அழுத்த வேண்டும். இரண்டாம் முறை இம்மி விலகினாலும் அச்சிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிபடும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இரட்டிப்பு இருக்கும். இதுதான் டபுள் டை.

அந்தத் தம்பியின் நாணயத்தில் நடந்தது வேறு. அச்சில் குறையே இல்லை. அடித்த கணத்தில் அது எந்திரத்தில் லேசாக ஆடியிருக்கிறது. அப்போதுதான் புடைத்து எழுந்த எழுத்தின் ஓரத்தை அது சீவித் தள்ளிவிடும். எழுத்தின் பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டு போல ஒரு விளிம்பு நிற்கும். எழுத்து தன் அசல் அகலத்தில் கொஞ்சம் இழந்திருக்கும். இதற்கு மெஷின் டபுளிங் என்று பெயர். எல்லா ஆண்டிலும் எல்லா நாணயச்சாலையிலும் நிகழ்ந்தது. இதற்கென்று தனி விலை கிடையாது. உண்மையான டபுள் டையில் இரண்டாவது உருவமும் முதல் உருவத்தைப் போலவே உருண்டு புடைத்திருக்கும், எழுத்தின் முனைகளில் பிளவு தெரியும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தேய்ந்து களைத்த அச்சில் எழுத்துகள் ஊதி, ஓரம் கரைந்தாற்போல் தெரியும். அதுவும் டபுள் டை அல்ல.

இன்னும் சந்தேகமா? மின்ட் மார்க்கைப் பாருங்கள். எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட, பின்புறம் இலை வளையத்துக்குக் கீழே, டாலர் என்ற சொல்லுக்கு மேலே இருக்கிற சிறிய எழுத்து. அது ஹப்பில் கிடையாது. அச்சு தயாரான பிறகு கையால் தனியாகத் தட்டிப் பதித்தது. ஆக, ஹப் விலகினாலும் மின்ட் மார்க் இரட்டிக்க வழியில்லை. மின்ட் மார்க்கும் பக்கத்து எழுத்துகளும் ஒரே திசையில் சரிந்திருந்தால், அது மெஷின் டபுளிங்தான். அந்த 1921-லும் அப்படியேதான் இருந்தது. மின்ட் மார்க் மட்டும் இரட்டித்து மற்றதெல்லாம் தெளிவாக இருந்தால், முத்திரையை இரண்டு தடவை குத்தியிருக்கிறார்கள் என்று பொருள். 1904 வரை ஆண்டு எண்ணையும் இப்படித்தான் குத்தினார்கள். அதனால் ஆண்டு எண் மட்டும் இரட்டித்த மார்கன் டாலர்கள் நிறைய உண்டு. அவையும் அச்சு வேறுபாட்டால் வரும் ரகங்கள்தான், ஆனால் டபுள் டை அல்ல.

அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க 1878-ஐப் பாருங்கள். கழுகின் வாலில் முதலில் 8 இறகுகள். பிறகு 7 ஆக்கினார்கள். மாதம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயம் அடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் நெருக்கியது. அதனால் 8 இறகு அச்சுகள் மேலேயே 7 இறகு ஹப்பை அழுத்தினார்கள். பழைய இறகுகளின் நுனி புதியவற்றுக்குக் கீழே எட்டிப் பார்க்கும். 1888 நியூ ஆர்லியன்ஸில் 'ஹாட் லிப்ஸ்' என்ற ரகத்தில் முன்பக்கத்துப் பெண் உருவமான லிபர்ட்டியின் உதடும் மூக்கும் மோவாயும் இரட்டித்திருக்கும். 1901 பிலடெல்பியாவில் கழுகின் வாலே நகர்ந்திருக்கும். இவற்றைப் பார்க்கப் பெரிய நுண்ணோக்கி தேவையில்லை. டபுள் டை இல்லைதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த ரகம் 1900 நியூ ஆர்லியன்ஸ். கார்சன் சிட்டியில் 1893-க்குப் பிறகு டாலர் அடிக்கவில்லை. அங்கே மிஞ்சிய அச்சுகளை வீணாக்காமல் கார்சன் சிட்டியின் 'சிசி' மேலேயே நியூ ஆர்லியன்ஸின் 'ஓ' குத்தி அனுப்பிவிட்டார்கள். அடியில் 'சிசி' இன்னும் தெரியும்.

வான் ஆலன், மாலிஸ் என்ற இருவர் இந்த ரகங்களுக்கு எண் கொடுத்தார்கள். அதைத்தான் வாம் எண் என்கிறோம். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எண் இருப்பதாலேயே விலை ஏறிவிடாது, தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். ஏனென்றால் சாதாரண அச்சுக்கும் எண் உண்டு.

சரி, ஏமாற்று வேலைகளுக்கு வருவோம். 1893 சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது ஒரு லட்சம் மட்டுமே. அதனால் 1893 பிலடெல்பியா நாணயத்தில் சான் பிரான்சிஸ்கோவின் 'எஸ்' ஒட்டி விற்கிறார்கள். அசலில் முன்பக்கத்துக்குப் பயன்பட்டது ஒரே ஓர் அச்சுதான். லிபர்ட்டி என்ற சொல்லின் கடைசிக்கு முந்தைய எழுத்தின் தலையில் மெல்லிய சாய்கோடு ஒன்று புடைத்திருக்கும். அது இல்லாவிட்டால் பர்ஸைத் திறக்காதீர்கள். 1886, 1887, 1888 என்று ஆண்டு போட்டு 'சிசி' இருந்தால் லூப்பே வேண்டாம், அந்த ஆண்டுகளில் கார்சன் சிட்டியில் மார்கன் டாலர் அடிக்கவே இல்லை.

எரர், அதாவது நாணயச்சாலையிலேயே பிழையாக அடிபட்டது, என்று விற்பவையும் இப்படித்தான். இரண்டு டாலரைச் சேர்த்துப் பட்டறை இறுக்கியான வைஸில் இறுக்கினால் இடவலம் மாறிய எழுத்து பள்ளமாகப் பதியும், மறுபக்கம் நசுங்கிக் கிடக்கும். ஓரம் அறுத்ததை 'கிளிப்' என்பார்கள். நாணயம் அடிக்கும் முன் உலோக வில்லை வெட்டும்போதே போன ஓரமாக இருந்தால், பெரும்பாலும் அதற்கு நேர் எதிர் விளிம்பு மழுங்கியிருக்கும்.

எடையைப் பாருங்கள்: 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதவீதம் வெள்ளி. காந்தம் ஒட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆனால் எடை சரியாக இருப்பதால் மட்டும் அசல் ஆகிவிடாது. 1896, 1900, 1902 நியூ ஆர்லியன்ஸ் டாலர்களில் வழக்கத்தைவிடச் சிறிய 'ஓ' கொண்ட, 'மைக்ரோ ஓ' என்று மதிக்கப்பட்ட மூன்றும் பழைய கள்ள நாணயங்கள் என்று 2005-ல் நாணயத் தரச்சான்று நிறுவனமான பி.சி.ஜி.எஸ். அறிவித்தது. அதுவரை அவை அசலென்றே கைமாறின. அந்தக் காலத்தில் ஒரு டாலருக்குள் இருந்த வெள்ளி ஒரு டாலர் பெறாது. அதனால் நல்ல வெள்ளியிலேயே கள்ள நாணயம் அடித்தும் லாபம் பார்த்திருக்கிறார்கள். 1899-ன் 'மைக்ரோ ஓ' அசல்தான், அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், கழுவுகிறவர்களே. குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குத் திருநீறு, நம் வீடுகளில் இது கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில் டாலரையும் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். ரகம் அசலாகவே இருக்கும், ஆனால் மேற்பரப்பு முழுக்க மயிரிழைக் கீறல். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். விளிம்பைப் பிடித்து எடுங்கள், பி.வி.சி. உறையில் போடாதீர்கள், பச்சைப் பிசின் படியும்.

பார்ப்பதற்குப் பத்து மடங்கு லூப் போதும். ஒரே விளக்கு, நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். தட்டையான படிகள் வெளிச்சத்தில் பளீரென்று மின்னிக் காட்டிக்கொடுக்கும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் யுஎஸ்பி நுண்ணோக்கி வேண்டாம், அதில் ஒவ்வொரு கீறலும் புது ரகமாகத் தெரியும். தரச்சான்றுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், ரகத்தையும் குறிக்கச் சொல்லித் தனியாகக் கேட்டு, அதற்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணத்தையும் ரகத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையையும் முதலில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.