படுத்தே கிடக்கச் சொன்ன மருத்துவர்

ஒரு வாரம் படுக்கையை விட்டு எழக்கூடாது. புத்தகம் கூடாது, பேச்சு கூடாது, பொழுதுபோக்கு எதுவும் கூடாது. சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் மட்டும் எழலாம். கவலையாலும் படபடப்பாலும் முடங்கிப்போய், அன்றாட வேலைகளைக்கூடத் தொடங்க முடியாதவர்களுக்கு, டோக்கியோ மனநல மருத்துவர் ஷோமா மொரிதா 1919-ஐ ஒட்டிய காலத்தில் உருவாக்கிய சிகிச்சையின் முதல் கட்டம் இது.

சும்மா இருப்பவரை மேலும் சும்மா இருக்கச் சொல்வது எப்படி மருந்தாகும்? படுத்த கொஞ்ச நேரத்துக்கு நிம்மதி. பிறகு கவலைகள் ஒவ்வொன்றாக வந்து மேலே உட்காரும். அவற்றை விரட்டவும் கூடாது, ஆறுதல் தேடவும் கூடாது. நாட்கள் செல்லச் செல்ல வேறொன்று தலைகாட்டும்: சலிப்பு. எழுந்து எதையாவது செய்தால் தேவலை என்று கை துறுதுறுக்கும். மொரிதா காத்திருந்தது அந்தத் துறுதுறுப்புக்குத்தான். வாழும் ஆசை என்று அதை அழைத்தார். அடுத்து எளிய வேலைகள், பிறகு தோட்டத்தில் கடின வேலை, கடைசியில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பும் பயிற்சி. நோயாளிகள் அவர் வீட்டிலேயே தங்கி நாட்குறிப்பு எழுதினார்கள். அதில் அவர் தம் கருத்தை எழுதித் திருப்பித் தந்தார்.

இந்த நம்பிக்கை அவருக்கு ஏட்டிலிருந்து வந்ததல்ல. 1874-இல் ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் பிறந்த மொரிதா, மாணவப் பருவத்தில் நெஞ்சுப் படபடப்பால் அவதிப்பட்டார். தேர்வு நெருங்கிய நேரத்தில் ஊரிலிருந்து தந்தையின் பணம் வரவில்லை. கோபத்தில் மருந்துகளை நிறுத்தினார். செத்தாலும் சரி என்று படிக்க உட்கார்ந்தார். தேர்வில் நன்றாகத் தேறினார். படபடப்பையும் அதன்பின் காணவில்லை!

தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இதில் பெரிய வெளிச்சம் இருக்கிறது. கவனம் உணர்வைக் கூர்மையாக்குகிறது. கூர்மையான உணர்வு கவனத்தை மேலும் இழுக்கிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வதை மொரிதா ‘தொராவரே’ என்றார். ‘இன்றைக்கு மனம் வரவில்லையே’ என்று ஒருவர் பத்து முறை தன்னைச் சோதித்துப் பார்த்தால், பதினோராவது முறை அந்த வெறுப்பு இன்னும் கனத்துத் தெரியும். அதை அடக்கப் பார்ப்பதும் உதவாது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரின் ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் மனதில் அதே கரடி திரும்பத் திரும்ப வந்தது.

தள்ளிப்போடுவதை நேர நிர்வாகக் கோளாறு என்றே பலரும் நினைக்கிறார்கள். திமோதி பிச்சில், ஃபுஷியா சிரோயிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2013-இல் வேறு விளக்கம் தந்தார்கள்: வேலை கிளப்பும் சங்கடத்திலிருந்து இப்போதைக்குத் தப்பிக்க, நாளைய நம்மிடம் அதைத் தள்ளிவிடுகிறோம். மொரிதாவின் பார்வைக்கு இது மிக அருகில் வருகிறது.

அவர் தந்த பதில் ‘அருகமாமா’, அதாவது உள்ளது உள்ளபடி. உணர்ச்சி நம் கட்டளைக்கு அடங்காது. அப்படியே விட்டால் மலைபோல் ஏறி, தானே இறங்கும். கையும் காலும் நம் வசத்தில் இருக்கின்றன. இதை விதியே என்று கிடப்பதாகப் புரிந்துகொள்வது பெரிய தவறு. ஏற்பது உணர்வை மட்டுமே. வேலை நடந்தாக வேண்டும். ஆர்வம் பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வந்து சேருகிறது. ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்லின், எண்களை இடைவிடாமல் கூட்டச் சொல்லி மன உழைப்பை அளந்தபோது, வேலையே வேலைக்குச் சூடேற்றுவதைக் கவனித்தார். அந்த முறையை ஜப்பானிய உளவியலாளர் உச்சிதா வளர்த்து உருவாக்கிய உச்சிதா–கிரேப்லின் தேர்வை ஜப்பானிய நிறுவனங்கள் ஆள்சேர்ப்பில் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

நீண்ட நாள் சோர்வு, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் இந்த வழியில் தனியாகப் போராட வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். படுக்கைச் சிகிச்சையும் வீட்டில் தானாகச் செய்து பார்ப்பதற்கல்ல.

மற்றபடி, மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும் வங்கிக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். கலக்கம் தீரட்டும் என்று காத்திருந்ததால்தான் மாதங்கள் ஓடின. இன்று கலங்கும் வயிற்றோடே உறையைக் கிழித்து, முதல் வரியைப் படிக்கலாம். இரண்டாவது வரியைப் படிக்கும்போதும் அந்தக் கலக்கம் கூடவே இருக்கும். இருக்கட்டும்.