கரையும் மண், கரையாத மண்

ஆவணி பிறந்துவிட்டால் சென்னை கொசப்பேட்டைத் தெருக்களில் பிள்ளையார் காயாத இடமே இருக்காது. வாசல், திண்ணை, மொட்டை மாடி, எங்கே பார்த்தாலும் வரிசை வரிசையாக நிற்பார். அச்சில் மண்ணை அடைத்து, கட்டைவிரலால் அழுத்தி, தட்டி எடுக்கிற கை அடுத்த நொடியே இரண்டு குன்றிமணிகளை எடுத்துக் கண்ணாகப் பதித்துவிடும். பசை எதுவும் கிடையாது. ஈர மண்ணில் வெறுமனே அழுத்தி வைத்த அந்த விதை, சிலை காய்ந்த பிறகு உலுக்கினாலும் விழாது. காயும்போது மண் சுருங்குகிறது, விதை சுருங்குவதில்லை. சுற்றியிருக்கும் மண் எல்லாப் பக்கமிருந்தும் இறுகி விதையைக் கவ்விக்கொள்கிறது. அதிகமாகச் சுருங்கும் மண்ணாக இருந்தால் இதே இறுக்கம் கண்ணோரத்தில் விரிசலாகிவிடும். மண்ணோடு எவ்வளவு மணல் சேர்ப்பது என்பதைக் கையாலேயே அளந்து தெரிந்துவைத்திருக்கிறார்களே, அந்தத் திறமை இதற்காகத்தான்.

சதுர்த்தி முடிந்து சில வாரங்களில் நவராத்திரி. அதே தெரு கொலு பொம்மைக்கு மாறிவிடும். முதலில் செய்தது சில நாள் இருந்துவிட்டுத் தண்ணீரில் கரைய வேண்டியது. அடுத்துச் செய்வது பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் ஏறி, பேத்தி காலம் வரைக்கும் நிற்க வேண்டியது. சுட்ட மண் பொம்மையை எடுத்துக்கொண்டால், பிள்ளையாருக்கும் அதற்கும் மண் ஏறக்குறைய ஒன்றுதான். பார்த்த சூடுதான் வேறு. இன்று உலகில் பேர் பெற்றிருக்கும் களிமண் கலைஞர்கள் சிலர் தங்கள் படைப்பின் கருத்தையே இந்தக் கேள்வியில்தான் வைத்திருக்கிறார்கள்: மண்ணை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது?

களிமண் என்பது பாறை சிதைந்து உண்டான மிக நுண்ணிய தகடுகளின் கூட்டம். ஒரு தகட்டின் அகலம் பெரும்பாலும் 2 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். தகடுகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் வழுக்கும், நேராக இழுத்துப் பிரிக்க வராது. களிமண் வளைத்தபடி வளைவதும், வளைத்த இடத்திலேயே நிற்பதும் இப்படித்தான். ஏரி மண் குயவருக்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஓடி வரும் தண்ணீர் பெரிய துகள்களை வழியிலேயே போட்டுவிட்டு, நுண்ணியதை மட்டும் தேங்கும் இடம் வரைக்கும் சுமந்து வருகிறது. சலிக்கும் வேலையில் பாதியை மழையே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

பிசைந்த மண்ணின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அது வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்குகின்றன, உருவம் சிறுக்கிறது. நீளத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் சுருக்கம் நின்றுவிடும். அதற்குப் பிறகு போவது இடுக்குகளில் தங்கிய ஈரம் மட்டும்தான். மண்ணின் நிறம் வெளுக்கத் தொடங்குவதைப் பார்த்தே இந்தக் கட்டத்தைச் சொல்லிவிடலாம். ஆபத்து அதற்கு முன்னால்தான். காதும் தும்பிக்கை நுனியும் மெல்லியவை, சீக்கிரம் காய்ந்து சுருங்கும். தொப்பையோ இன்னும் ஈரமாகவே இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் இழுபறி நடந்து விரிசல் விடும். காதின்மேல் ஈரத்துணி போடுவது, முதுகுப் பக்கத்தைக் குடைந்து எடுப்பது, மண்ணில் உமியோ மணலோ கலப்பது எல்லாமே இந்த இழுபறியைத் தவிர்க்கத்தான். மணல் சுருங்காது. அதோடு உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியும் விட்டு வைக்கிறது. வட சென்னையின் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் மண் நிதானமாகக் காய்கிறது, அது நல்லதுதான். திடீரென்று கொட்டும் சாயங்கால மழைக்குத்தான் தார்ப்பாயோடு ஓட வேண்டும்.

சரி, இப்படிக் காய்ந்த பிள்ளையார் தண்ணீரில் எப்படிக் கரைகிறார்? உப்பும் சர்க்கரையும் கரைவதைப் போன்ற கரைசல் இல்லை இது. மண் தண்ணீரில் உதிர்கிறது. நன்றாகக் காய்ந்த மண்ணுக்குள் நுண்துளைகள் நிறைய, அவற்றில் காற்று. தண்ணீரில் விட்டதும் நாலாபுறமும் நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது, காற்று நடுவில் மாட்டிக்கொண்டு அழுந்துகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அது வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது, கூடவே மண்ணையும் பிய்த்துக்கொண்டு. குமிழி விட்டுக்கொண்டே சிலை செதில் செதிலாக உதிர்வது இதனால்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அரைகுறையாகக் காய்ந்த மண் அவ்வளவு சுலபத்தில் உதிராது. அதன் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது, காற்றுக்கு இடமில்லை, வெடிக்கவும் எதுவுமில்லை. மிச்ச மண்ணை மறுபடி பிசைய நினைக்கும் குயவர்கள் அதை முதலில் மொறுமொறுவென்று காயவிட்டுத்தான் ஊறப்போடுவார்கள். எண்ணெய் வண்ணம் பூசிய சிலை தண்ணீரில் அடம்பிடிப்பதற்குக் காரணமும் இதுவே: வண்ணம் துளைகளை அடைத்துவிடுகிறது, தண்ணீர் உள்ளே போனால்தானே மற்றதெல்லாம்!

ஃபீபி கமிங்ஸ் என்று ஒரு பிரிட்டிஷ் கலைஞர். சுடாத பச்சை மண்ணிலேயே இலையும் பூவும் கொடியுமாக அசாத்திய நுணுக்கத்தோடு செய்கிறவர். 2017இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பச்சை மண்ணால் ஒரு நீரூற்றைச் செய்து வைத்தார். கண்காட்சி நடந்த நாட்களில் தண்ணீர் பட்டுப் பட்டு அந்த வேலைப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக உருக்குலைந்தது. அந்த ஆண்டு பிபிசி வானொலியின் ‘வுமன்ஸ் அவர்’ கைவினைப் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஆண்டுதோறும் கடலில் இறங்கும் பச்சை மண் சிலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போனது. அழிவதையே படைப்பின் ஒரு பகுதியாக வைத்துச் செய்யும் கலை நம் தெருவில் தலைமுறைகளாக நடக்கிறது. லண்டனில் வைத்ததை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ, அதே கவனத்தோடு திண்ணையில் காயும் சிலையையும் பார்க்க வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

இனி சூளைக்கு வருவோம். முதல் நூறு டிகிரி வரை மிச்ச ஈரம் போகும். அதை அவசரப்படுத்தினால் நீராவி தண்ணீரைப்போல் 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும், பொம்மை சூளைக்குள்ளேயே வெடித்துவிடும். உண்மையான மாற்றம் 450 முதல் 600 டிகிரி செல்சியசில் நடக்கிறது. அதுவரை போனதெல்லாம் தகடுகளுக்கு நடுவே இருந்த தண்ணீர். இப்போது தகட்டின் கட்டமைப்புக்குள்ளேயே ஹைட்ராக்சில்களாக, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகளாக, பிணைந்திருப்பது பிய்த்துக்கொண்டு நீராவியாக வெளியேறுகிறது. சுத்தமான கயோலின் களிமண் இந்தக் கட்டத்தில் தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதத்தை இழக்கும். தகடுகளின் ஒழுங்கு குலைந்துபோகிறது. அப்புறம் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது பிசையும் மண்ணாகாது. 573 டிகிரியில் மண்ணோடு கலந்த மணலின் படிகமும் சட்டென்று வடிவம் மாறிச் சற்றுப் பெருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் பானை கீறுவது இதனால்தான். 700, 800 டிகிரிக்கு மேல் இரும்பும் பொட்டாசியமும் நிறைந்த செம்மண்ணில் அங்கங்கே இளகிய கண்ணாடி உண்டாகித் துகள்களை ஒட்டவைக்கும். நம் பானை அங்கேயே நின்றுவிடுகிறது. துளைகள் அடைபடாததால்தான் தண்ணீர் கசிந்து, ஆவியாகி, உள்ளே இருப்பது குளிர்கிறது. பீங்கான் 1200, 1300 என்று போய்த் துளைகளை மூடிக்கொள்ளும்.

பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. அங்கே மட்பாண்டக் கலைக்குத் தனித் துறையே உண்டு. கொசப்பேட்டையிலிருந்து அது அதிகத் தூரமில்லை. இந்த இரண்டு இடங்களுக்கும் போக்குவரத்து இன்னும் கூட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு பக்கம் சூட்டின் கணக்கு, இன்னொரு பக்கம் கையின் கணக்கு.

முழுச் சூட்டுக்கு முன்னாலேயே நிறுத்துவதையும் கலையாக்கியிருக்கிறார் கிளேர் டூமி என்ற பிரிட்டிஷ் கலைஞர். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனாவில் உள்ளே பொள்ளலான ஓடுகள் செய்து, முழுச் சூடு காட்டாமல், தரையில் பரப்பிவிட்டார். பார்வையாளர் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் அதன்மேல் நடக்க வேண்டும், நடந்தால் நொறுங்கும். நன்றாகச் சுட்டால் போன் சைனா மிகவும் உறுதியானது. அந்த உறுதியைக் கொடுக்காமல் நிறுத்தியதுதான், நடக்கலாமா வேண்டாமா என்று வந்தவர்களைத் தயங்க வைத்தது.

நிறமும் நெருப்பின் வேலைதான். செம்மண்ணில் இருக்கும் இரும்புக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் சிவக்கும். சூளையின் வாயை அடைத்துப் புகை போட்டால், இரும்பு ஆக்சிஜனை இழந்து கருக்கும், புகையின் கரியும் துளைகளில் போய்ப் படியும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருட்களைப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கறுப்பு-சிவப்புப் பாண்டங்களில் வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு. வைக்கோலோ உமியோ போட்டுக் கவிழ்த்துச் சுட்டதால் வாய்ப் பக்கம் காற்று போகவில்லை என்று தொல்லியலாளர்கள் விளக்குகிறார்கள். 1950இல் நைரோபியில் பிறந்து பிரிட்டனில் வேலை செய்யும் மக்தலீன் ஒடுண்டோவின் பாண்டங்கள் இதே வேதியியலில் நிற்கின்றன. அவர் சக்கரம் சுற்றுவதில்லை, கையாலேயே எழுப்புகிறார். பளபளப்புக்குக் கண்ணாடிப் பூச்சும் பூசுவதில்லை. நுண்ணிய மண்குழம்பைத் தடவி வழவழப்பாகத் தேய்க்கிறார். தேய்க்கும்போது மேல்பரப்பின் தகடுகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துவிடுகின்றன, அதனால் ஒளி சிதறாமல் திரும்பி வருகிறது. காற்றோட்டத்தில் சுட்டால் அவர் பாண்டம் செம்மஞ்சள். இரண்டாம் முறை காற்றை அடைத்துச் சுட்டால் அதே பாண்டம் கறுப்பு. ஆதிச்சநல்லூர்ப் பானையின் மினுமினுப்பும் தேய்ப்பில் வந்ததுதான்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கதை வேறு. ஜிப்சம் என்ற கனிமத்தை 150 டிகிரி அளவில் வாட்டி அதன் நீரில் முக்கால் பங்கை எடுத்துவிட்ட தூள் அது. தண்ணீர் ஊற்றினால் இழந்த நீரைத் திரும்பப் பிணைத்துக்கொண்டு, சூடேறி, ஊசி ஊசியான படிகங்களாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மண்ணைப்போல் உதிராது. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் சொச்சம்தான் கரையும் என்பதால் சிலை நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது இதில் சிலை செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. பெரிய சிலைக்கு இப்போது காகிதக் கூழும் கிழங்கு மாவும்தான் கைகொடுக்கின்றன. எடையும் குறைவு, நீரில் ஊறினால் நார் நாராகப் பிரிந்தும்விடும்.

வீட்டில் வாங்கிய மண் பிள்ளையாரை வாளியில் கரைப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். கலங்கிய நீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி கல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்புப் போட்டது சீக்கிரம் தெளியும், மற்றது வெகுநேரம் கலங்கியே நிற்கும். களிமண் தகடுகளின் மேல்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நல்ல தண்ணீரில் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளலை அடக்கிவிட, தகடுகள் கட்டி கட்டியாகச் சேர்ந்து இறங்குகின்றன. காசிமேட்டுக் கடலில் உதிரும் மண்ணுக்கும் இதுதான் நடக்கிறது. உப்புப் போடாத டம்ளரில் அடியில் தங்கும் மண்ணை வீணாக்க வேண்டாம், துளசிச் செடிக்குப் போட்டுவிடலாம்.