இபிட் – மேலது

‘இபிடெம்’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம்தான், ஆங்கில அடிக்குறிப்புகளில் வரும் இபிட் (ibid.). சுருக்கம் என்பதால்தான் ஆங்கில நூல்களில் அதன் பின்னால் ஒரு புள்ளி நிற்கும். ‘இபி’ என்றால் அங்கே. ‘டெம்’ சேர்ந்தால் அதே இடத்தில். அடிக்குறிப்பில் அதற்கு, சற்றுமுன் காட்டிய அதே நூல் என்று பொருள்.

தமிழ் ஆய்வேடுகளில் இதற்கு நிலைத்துவிட்ட சொல் ‘மேலது’. 12-ஆம் குறிப்பில் ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, ப. 45 என்று முழு விவரமும் தந்துவிட்டால், 13-இல் ‘மேலது, ப. 47’ போதும். பக்கங்கள் பல என்றால் ‘பக். 47–49’. பக்கமும் அதுவே என்றால் வெறும் ‘மேலது’. நடுவில் வேறு நூல் வந்துவிட்டால் இது செல்லாது. ஆசிரியர் பெயரோடு ‘மு.நூ.’ (முற்சுட்டிய நூல்) என்று எழுத வேண்டும். 12-இல் இரண்டு நூல்களைக் காட்டியிருந்தாலும் 13-இல் மேலது கூடாது. எந்த நூல் என்று படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

‘மேலே சொல்லுங்கள்’ என்றால் இனி வரப்போவது. ‘மேலே சொன்னது’ என்றால் ஏற்கெனவே வந்தது. இப்படி இரு பக்கமும் பார்க்கும் சொல் என்றாலும் அடிக்குறிப்பில் குழப்பமில்லை, தாளில் அந்த நூல் மேலேதான் இருக்கிறது. ‘அதே நூல்’ என்றும் எழுதலாம், தவறில்லை. அடிக்குறிப்பில் ‘இபிட்’ என்றே தமிழெழுத்தில் எழுதுவதுதான் வேண்டாத வேலை.

துணைநூற்பட்டியலில் மேலதுக்கு இடமே இல்லை. அங்கே வரிசை அகரவரிசை. ஒரே ஆசிரியர் மறுபடி வந்தால் பெயருக்குப் பதில் நீள்கோடு போடுவது வழக்கம்.

கணினி வந்தபின் இந்தச் சொல்லுக்குப் புதுச் சிக்கல். நெறியாளர் சொன்னாரே என்று 12-க்கும் 13-க்கும் இடையில் புதுக் குறிப்பு ஒன்றைச் செருகினால் எண்கள் தாமாக மாறிக்கொள்ளும், மேலது மாறாது. சத்தமில்லாமல் வேறு நூலைக் காட்டிக்கொண்டு நிற்கும். மின்னூலில் குறிப்பைத் தொட்டால் ‘மேலது’ மட்டும் தனியே எழும்பும், மேலே எதுவும் இருக்காது. ஆங்கில நூல்களுக்கு எழுத்துமுறை வகுக்கும் சிகாகோ நடைக்கையேடு, 2017-ஆம் ஆண்டின் 17-ஆம் பதிப்பில் இபிட்டைத் தவிர்த்து, ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்கம் என்று சுருக்கமாக எழுதச் சொன்னது; சற்றுமுன் காட்டிய நூலே என்றால் தலைப்பை விட்டுவிடலாம். மேலதுதான் வேண்டும் என்பவர்கள், கடைசித் திருத்தம் முடிந்தபின் அதைப் போடுவது நல்லது.