டெஸ்ட்: சோதனையா, உரைகல்லா?

தொண்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்காக, போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு 'டிஎன்எஸ் டெஸ்ட்' எழுதிக் கொடுத்தேன்; அவருடைய வலைத்தளப் பெயருக்கான பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று தானாகவே பார்க்கும் நிரல் அது. "டெஸ்ட்டுன்னா என்னண்ணே?" என்று கேட்டார். சோதனை என்றேன். "அதான் ஒரு வாரமா அனுபவிக்கிறேனே" என்றார். அவர் சொன்ன சோதனை வேறு, நான் சொன்னது வேறு. அன்றிலிருந்து இந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் அவருக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வலைத்தளத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றியபோது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு விடுபட்டுவிட்டது. தளம் நன்றாகத் திறந்தது. பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆயுள் 86400 நொடி, அதாவது ஒரு நாள். பழைய விடையை நினைவில் வைத்திருந்த சர்வர்கள் அதுவரை அஞ்சலைச் சரியாகவே அனுப்பின. அப்புறம் ஒவ்வொன்றாக நின்றன. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது; கருவாடு நன்றாக விற்கும் அந்த நாட்களில் ஆர்டர் வரவில்லை.

டிஎன்எஸ் என்பது ஆள்களப் பெயர் முறைமை. பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. அதிலுள்ள 'ரெக்கார்டு' நமக்குப் பதிவு. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் 'டெஸ்ட்' என்ற சொல்லில்தான்.

அதன் வேர் லத்தீனின் 'டெஸ்டம்', மண்சட்டி. பொன், வெள்ளியோடு கலந்த மட்ட உலோகத்தை உருக்கிப் பிரிக்கும் சட்டிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு தரம் பார்க்கும் செயலுக்கே ஆனது. அந்த மொழி பேசிய ரோமானியரின் மதுச்சாடி ஓடுகள் நம் அழகன்குளம் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சொல் பின்னாளில் ஆங்கிலம் வழியாக வந்தது. சட்டி அதற்கு வெகு காலம் முன்பே வைகை முகத்துவாரத்துக்கு வந்துவிட்டது.

தமிழில் நாம் புழங்கும் 'சோதனை' வடமொழியின் 'சோதன' என்பதிலிருந்து வந்தது. தூய்மையாக்குதல் என்று பொருள். வழக்கில் அது துன்பத்தையும் குறிக்கும், ராமேசுவரம் சாலையில் வண்டியை நிறுத்தும் சாவடியையும் குறிக்கும். 'பரிசோதனை' என்றால் விடை தெரியாமல் செய்து பார்ப்பது. 'தேர்வு' பலவற்றில் ஒன்றைப் பொறுக்குவது. டிஎன்எஸ் பதிவுக்கு எழுதும் டெஸ்ட் இவற்றில் எதுவுமில்லை. விடை இன்னதாக இருக்க வேண்டும் என்று முன்பே தெரியும்; வந்த விடை அதுதானா என்று ஒப்பிடுகிறோம்.

இதற்கு நேரான செயல் நகைக்கடையில் இருக்கிறது. ஆசாரி நகையைக் கல்லில் உரசுவார். பக்கத்திலேயே மாற்று, அதாவது தூய்மையின் அளவு, தெரிந்த பொன்னையும் உரசி, இரண்டு கோட்டையும் ஒப்பிடுவார். அந்தக் கல் உரைகல். கட்டளைக்கல் என்றும் பெயர். "தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்கிறது குறள். கணினிக்கு நாம் தருவதையும் கட்டளை என்றே சொல்கிறோம். அதனால் கட்டளைக்கல் என்றே வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் கேட்டதும் புரிவது உரைகல்லே. என் பரிந்துரை: தானியங்கி உரைகல் சோதனை.

உவமை நன்றாகப் பொருந்துகிறது. எழுதி வைத்த சரியான மதிப்பு மாற்றுத் தெரிந்த பொன். சர்வர் தரும் விடை நகை. இரண்டையும் ஒப்பிடும் நிரல் கல். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இப்போது வரும் விடையையே நகலெடுத்து, சரியான மதிப்பு என்று எழுதி வைப்பது. பித்தளையைப் பக்கத்தில் வைத்துப் பித்தளையை உரசினால் கோடு ஒத்துத்தான் போகும். அஞ்சல் சேவை தரும் குறிப்பைப் பார்த்து, கையால் எழுத வேண்டும். கேள்வியையும் இடையில் நினைவில் வைத்திருக்கும் சர்வரிடம் கேட்காமல், அந்தப் பெயருக்கு அதிகாரமுள்ள சர்வரிடமே நேராகக் கேட்க வேண்டும்; இல்லாவிட்டால் நேற்றைய விடை வரும். ஒரே பெயருக்குப் பல எம்எக்ஸ் பதிவுகள் இருந்தால் அவை வரும் வரிசை மாறலாம், அதனால் வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒப்பிட வேண்டும். பதிவுக் கோப்பில் முழுப் பெயரின் கடைசிப் புள்ளி விட்டுப்போனால் ஆள்களப் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தப்பும் இந்தப் பிழையை உரைகல் உடனே காட்டிவிடும்.

'ஃபெயில்' என்பதற்கு? 'தோல்வி' எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றது யார் என்ற கேள்வி வரும். மாற்றுக் குறைவு என்று எழுதினேன். தினமும் காலை 6 மணிக்கு நிரல் ஓடுகிறது. பிழை இருந்தால் நண்பரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அஞ்சலே பழுதாகும்போது அஞ்சலில் சொல்லிப் பயனில்லை அல்லவா? அதில் வரும் வரி இதுதான்: "எம்எக்ஸ் பதிவில் மாற்றுக் குறைவு."