பினாங்கு கிழக்கே போன கதை

“படம் போட்ட கேள்வியா? அதை விட்டுடு.” என் வகுப்புக்கு வரும் முன் அந்தப் பையன் பல வருஷம் கேட்டுப் பழகிய வார்த்தை இது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வருகிறான். அப்பாவுக்குச் செம்பனை வெட்டு வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. மற்றபடி வகுப்பிலேயே வாயாடி அவன்தான்.

அவனுக்காக முதலில் தீபகற்ப மலேசியாவின் வரைபடம் செய்தேன். தையல்காரர்கள் துணியில் கோடு போடும் பல்சக்கரத்தைத் தடித்த தாளின் பின்பக்கம் உருட்டினால், முன்பக்கம் புள்ளி புள்ளியாக எழும்பும். அட்லஸில் இருந்தபடியே உருட்டினேன். இரண்டு கையாலும் தடவியவன் ஓரிடத்தில் நின்றான். “டீச்சர், பினாங்கு எப்போ கிளந்தான் பக்கம் போச்சு?”

பின்பக்கம் உருட்டியதால் இடம் வலமாகி, மேற்குக் கரைப் பினாங்கு கிழக்கே கிளந்தான் பக்கம் போயிருந்தது. “நாங்க பிரெய்லி பலகையில வலது பக்கத்திலேர்ந்துதானே குத்துறோம், டீச்சருக்குத் தெரியாதா?” தெரியும். விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லிப் புள்ளிகளைத் தாளின் பின்பக்கம் குத்தி, திருப்பித்தான் படிப்பார்கள். படத்துக்கும் அதே கதைதான் என்பதுதான் உறைக்கவில்லை.

சரி, திருப்பி வரைந்தேன். அடுத்த சிக்கல் பெயர்கள். பிரெய்லி எழுத்தைச் சிறிதாக்க முடியாது. ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வேண்டும். ‘புலாவ் பினாங்’ என்று மலாயில் முழுதாக எழுதினால் 7 சென்டிமீட்டர் ஓடும். ஏ4 தாளின் அகலமே 21. அதனால் ஊருக்கு இரண்டெழுத்து, விளக்கம் தனித்தாளில். ஆறு, சாலை, மாநில எல்லை எல்லாம் ஒரே தாளில் இருந்தால் விரலுக்கு அது முள்ளுச்செடிதான். ஆற்றுக்கு ஒரு தாள், எல்லைக்கு ஒரு தாள் என்று பிரித்தேன். கடலுக்கு உப்புத்தாள் ஒட்டினேன். தாளின் வலது மேல் மூலையை வெட்டிவிட்டால் எது மேல்பக்கம் என்று யாரையும் கேட்க வேண்டாம்.

கறுப்புக் கோடு சூட்டில் உப்பி எழும்பும் தாளும் அதற்கான இயந்திரமும் உண்டு. நேர்த்தியாக வரும், விலைதான் கட்டுப்படியாகாது. ஆனால் எதை விடுவது என்று அந்த இயந்திரமும் சொல்லாது. பாடப்புத்தகத்தில் மேசையின் பின்கால்கள் குட்டையாக இருக்கும். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது கண்ணுக்குள்ள பழக்கம். அதை அப்படியே எழுப்பிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது நொண்டி மேசை.

இப்போதெல்லாம் எந்தப் படமும் முதலில் அவன் கைக்குத்தான் போகிறது. போன வாரம் பேராக் ஆற்றைத் தடவிவிட்டுத் தாளை நீட்டினான்: “ஆறும் கடற்கரையும் ஒட்டிக்கிட்டிருக்கு, தள்ளி வைங்க டீச்சர்.”