சார்பு விகிதமா, சார்ந்திருப்போர் விகிதமா?

சென்ற மாதம் ஒரு மொழிபெயர்ப்பு திருத்தத்துக்கு வந்தது. மக்கள்தொகை மூப்பும் இடப்பெயர்வும் பொருளாதாரத்தை எப்படி மாற்றும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் கட்டுரை. அதில் இப்படி ஒரு வரி: "சார்பு விகிதம் உயரும்போது உற்பத்திச் சார்பில் இடவேண்டிய உழைப்பின் அளவு குறையும்." ஒரே வரியில் இரண்டு சார்பு. இரண்டும் வேறு வேறு பொருள்: முதலாவது ஒருவரை அண்டியிருப்பது, இரண்டாவது எவ்வளவு உழைப்பும் முதலும் போட்டால் எவ்வளவு விளையும் என்ற கணக்குத் தொடர்பு. 'சார்பு விகிதம்' என்பதை இதற்கு முன்பும் பலமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். இந்த முறை முடியவில்லை.

முதலில் பொருள். ஆங்கிலத்தில் டிபெண்டன்சி ரேஷியோ. உழைக்கும் வயதில் இருக்கும் 100 பேருக்கு, அந்த வயதை எட்டாதவர்களும் தாண்டியவர்களும் எத்தனை பேர் என்ற கணக்கு. முதியோரை மட்டும் தனியாகவும் எடுப்பார்கள். இந்தியாவில் பெரும்பாலும் 15 முதல் 59 வரை உழைக்கும் வயது. 2021இல் வந்த தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கைப்படி முதியோர் கணக்கு இந்தியாவுக்கு 15.7, கேரளத்துக்கு 26.1. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்குதல் என்று பொருள். நம் சார்தலுக்குச் சாய்தல், அண்டியிருத்தல். சொல்லின் வேரில் சிக்கல் இல்லை.

சிக்கல் 'சார்பு' என்ற வடிவத்தில்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்'. அங்கே சார்பு என்றால் ஃபங்ஷன். பொருளியலில் உற்பத்திச் சார்பு, நுகர்வுச் சார்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. புள்ளியியலுக்குப் போனால் சார்பு மாறி, அதாவது இன்னொன்றைப் பொறுத்து மாறும் அளவு. ஒருவர் பக்கம் சாய்ந்து பேசினால் பக்கச்சார்பு. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் முதியவர்களையும் குழந்தைகளையும் கொண்டுபோய்த் தள்ளினால் படிக்கிறவர் என்ன செய்வார்? கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார், "சார்பு விகிதம்னா எந்தச் சார்போட விகிதம் சார்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

சார்பெழுத்து என்கிறோமே, அதை மட்டும் ஏற்கலாமா என்று ஒரு நண்பர் வாதாடினார். ஏற்கலாம். அங்கே சார்ந்து வருவது எது என்பதை 'எழுத்து' என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. சார்பு விகிதத்தில் விகிதமா சார்ந்து வருகிறது? ஆட்கள்தானே! அந்த ஆட்களையே சொல்லிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, 'சார்ந்தோர் விகிதம்' என்று வைத்தால்? சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அதையும் கெடுத்து வைத்திருக்கிறோம். 'மதுரையைச் சேர்ந்தவர்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சார்ந்தவர்' என்று எழுதும் பழக்கம் பரவிவிட்டது. அந்தக் கட்சியைச் சார்ந்தோர், இந்த ஊரைச் சார்ந்தோர் என்று தினமும் வாசிக்கும் கண்ணுக்கு, சார்ந்தோர் என்றால் ஓரிடத்தைச் சேர்ந்தோர் என்றுதான் படும். அதனால் 'சார்ந்திருப்போர் விகிதம்' என்பதே என் தேர்வு. அந்த 'இரு' சேர்ந்தவுடன் பொருள் அண்டி வாழ்வது என்று உறுதிப்படுகிறது. 'சார்ந்தோர்' என்பதைவிட மூன்று எழுத்து நீளம்தான், போகட்டும்.

'முதியோர் சுமை விகிதம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது. எங்கள் தெருமுனையில் 67 வயதுப் பாட்டி ஒருவர் காலை ஐந்து மணிக்கு இட்லிக் கொப்பரையை ஏற்றுகிறார். அந்த வருமானத்தில் 24 வயதுப் பேரன் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறான். கணக்கில் பாட்டி சார்ந்திருப்பவர், பேரன் தாங்குபவன். கணக்கு வயதை மட்டும்தான் பார்க்கிறது, சம்பாதிப்பது யார் என்று பார்ப்பதில்லை. அதற்குச் 'சுமை' என்று பெயர் வைத்தால் மூலத்தில் இல்லாத ஒரு பழியை அந்தப் பாட்டியின் தலையில் நாமே ஏற்றுகிறோம்.

இடப்பெயர்வு வந்தால் இது இன்னும் தெளிவாகிவிடும். கேரளத்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போனால் உழைக்கும் வயதினர் ஊரில் குறைகிறார்கள், விகிதம் ஏறுகிறது. ஆனால் அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பணம் துபாயிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. 'சார்ந்திருப்போர்' என்று படித்தால் 'யாரை?' என்ற கேள்வி தானாக வரும். கணக்குப் போடுகிறவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியதும் அதைத்தான்: எத்தனை பேர் உண்மையில் வேலை செய்கிறார்கள், வெளியிலிருந்து எவ்வளவு பணம் வருகிறது, உள்ளே வந்து உழைப்பவர்கள் எத்தனை பேர்? 'சார்பு' என்று படித்தால் அந்தக் கேள்வி எழாது.

அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: "சார்ந்திருப்போர் விகிதம் உயரும்போது, வேலைக்கு ஆள் குறைந்து, உற்பத்திச் சார்பில் இடவேண்டிய உழைப்பின் அளவும் குறையும்." உற்பத்திச் சார்பைத் தொடவில்லை. அது அங்கே சரியாகத்தான் இருக்கிறது.